எண்ணெய் பட்ட வெளியீட்டுக் குறிப்பு

உன் உம்மா கொடுத்துவிட்ட டப்பாவைத் திறந்ததும் அச்சு முறுக்கு வாசனை வந்தது. உங்கள் தெருவிலிருந்து டவுணுக்குத் துணிக்கடை வேலைக்கு வருகிற பெண் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். முறுக்கை எடுத்தால் அடியில் விரித்திருந்த தாளும் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறிப் பார்த்தேன். நம்முடைய வெளியீட்டுக் குறிப்பு. எண்ணெய் ஊறி, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தது. ஓரத்தில் பென்சில் டிக்குகள். வாலை மட்டும் பக்கத்து வரி வரைக்கும் இழுத்துவிடுவாயே, அந்த டிக். முறுக்கு கையிலேயே இருந்தது, சாப்பிட முடியவில்லை.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தாள்கள், இரண்டாவது தாளின் நடுவில் டிக்குகள் நின்றுவிட்டன. அந்த இடம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு நீ போனில் வாசித்தாய். நான் இங்கே டவுணில் உட்கார்ந்து அதிலிருந்த ஒவ்வொரு இணைய இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தி, "மீதிய நாளைக்கு வாசிக்கேன்ட்டி, தொண்ட காயுது" என்றாய். "பைய வாசி, இப்ப என்ன அவசரம்" என்றேன் நான். அவசரம் இருந்திருக்கிறது. நம் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று யார் கேட்டாலும் விளக்கிச் சொல்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். சம்பளம் தந்தது வேறு வேலை. இது விரும்பிச் செய்தது. மனிதர்கள் எழுதும் நிரலைக் கணினி புரிந்துகொள்ளும் கட்டளையாக மாற்றித் தருகிற கம்பைலர் ஒன்றை, பல நாட்டுக்காரர்கள் கூலி வாங்காமல் சேர்ந்து உருவாக்குகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் என்ன புதிது, எது மாறியிருக்கிறது, மேலும் படிக்க எங்கே போக வேண்டும் என்று ஒரு குறிப்பு வெளியாகும். அந்தக் குறிப்பை நீ எழுதினாய். அதிலுள்ள இணைப்புகள் போக வேண்டிய இடத்துக்குப் போகின்றனவா என்று நான் பார்த்துக்கொண்டேன். கம்பைலரின் உள்ளே கைவைக்கிற பெரிய மூளைக்காரர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. நீ சிரிப்பாய். "கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுத ஆளுட்டி நாம. மாப்பிளையும் நாம இல்ல, பொண்ணும் நாம இல்ல. ஆனா இலையில உப்பு வைக்கலேன்னா நம்மளத்தான் தேடுவாவ."

தேடவும் செய்தார்கள். ஆரம்பத்தில் இணைப்புகளைச் சோதிக்க ஒரு சின்ன நிரலை எழுதி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். பக்கம் திறந்தால் சரி, திறக்காவிட்டால் தப்பு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு தடவை எல்லாம் சரி என்று அது சொன்னதை நம்பிக் குறிப்பை வெளியிட்டோம். சில நாளில் எந்த ஊரிலிருந்தோ ஒரு மாணவி எழுதினாள். கம்பைலரை நிறுவும் முறைக்கான இணைப்பைத் தொட்டால், 'மன்னிக்கவும், நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை' என்று படம் எல்லாம் போட்டு அழகாக ஒரு பக்கம் வருகிறதாம். பக்கம் திறந்தது என்னவோ உண்மைதான். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத நம் நிரல், திறந்ததை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "கதவத் தெறந்து, ஆளு இல்ல, போயிட்டு வாங்கன்னு சொன்னா, அது வீட்டுல ஆளு இருக்கதாட்டி?"

அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. வெளியீட்டுக்கு முன்னால் நீ குறிப்பைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு தச்சநல்லூரில் உங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்காருவாய். ஒவ்வொரு இணைப்பின் பெயரையும் நீ போனில் வாசிக்க வேண்டும். நான் தொட்டு, வந்த பக்கத்தைப் படித்துப் பார்த்து, "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். 'சரி' என்று சொல்லக் கூடாது. சரி என்பதைத் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடலாம் என்பாய். வரவில்லை என்றால் "இல்ல". வந்ததற்கு டிக், வராததற்கு ஒரு சுழி. சுழி விழுந்த இணைப்பைச் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும். வாசிப்பதும் பார்ப்பதும் ஒரே ஆளாக இருந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்பது உன் கட்சி. நான் வி.கே.புரத்து மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, மில் சங்குச் சத்தத்தோடு வளர்ந்து எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. "சங்கு ஊதாதட்டி, எனக்குக் காது இருக்கு" என்று நீ சொல்ல, பின்னால் உம்மா சிரிப்பது கேட்கும். கடைசி இணைப்பு முடிந்ததும் தவறாமல் ஒரு மிரட்டல் வரும். "பாக்காம ஒண்ணுக்காவது வந்தாச்சுன்னு சொல்லியிருந்த, தொலைச்சிருவேன்."

நீ சொன்ன அந்த 'நாளைக்கு' வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் உம்மாவோடு வாசலில் நின்றேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் உன்னை 'இருந்தாள்' என்று பேசினார்கள். நான் தலையை ஆட்டினேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

குறிப்பு மட்டும் பாதியில் கிடந்தது. வெளியீட்டை ஒருங்கிணைக்கிற அந்த முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர், உங்கள் பகுதி ஒன்றுதான் பாக்கி, அவசரமில்லை என்று எழுதினார். பிறகு மறுபடியும் எழுதினார். நிரலை ஓட்டிப் பார்த்தேன், எல்லா இணைப்பும் சரி என்றது. அப்படியே அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் குறிப்பின் கடைசியில் பெயர்ப் பட்டியல் இருக்கிறதே. அந்தந்த வெளியீட்டுக்கு வேலை செய்தவர்கள் பெயர் மட்டும்தான் அதில் வரும். இந்தத் தடவை நீ பாதி வேலை செய்திருக்கிறாய். அதனால் உன் பெயர் யார் தயவும் இல்லாமல் தானாகவே வந்திருக்கிறது. அடுத்த பட்டியலில் வராது. பெயரைத் தொட்டால் அவரவர் வலைப்பக்கத்துக்குப் போகும். உன் பக்கத்தில் நான் எடுத்த படம் இருக்கும், முக்காட்டைக் காற்று இழுக்க, பின்னால் ஆறு. கீழே இரண்டு வரி. 'தச்சநல்லூரில் இருக்கிறேன். கேள்வி இருந்தால் எழுதுங்கள், பதில் வரும், பைய வரும்.' நீ போன பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அந்த முகவரிக்கு வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தது நீதான். இப்போது யார் புதுப்பித்திருப்பார்கள்? நிரல் சரி என்கிறது. ஒருவேளை இன்னும் இருக்கலாம். தொடாமல் இருக்கும்வரைக்கும் அது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன்.

டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் கொய்யாப்பழம் போட்டு, தாள்களையும் எடுத்துக்கொண்டு தச்சநல்லூருக்குப் பஸ் ஏறினேன். உம்மா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்தார். ஆள் பாதியாகிவிட்டார். தாளைக் காட்டியதும் பதறிப்போனார்.

"இது அவ வேலப் பேப்பரா? ஆஸ்பத்திரிப் பையில கெடந்துச்சும்மா. தாளு நல்லாருக்கேன்னு விரிச்சுட்டேன். பாரு, எண்ணெயாக்கி வச்சிருக்கேன்."

"நீங்க விரிக்கலேன்னா எனக்குக் கெடச்சிருக்காது உம்மா."

டிக் நின்ற இடத்தை விரலால் தடவினார். "இதுக்குப் பொறவு உள்ளத யாரு வாசிக்கா?"

"ஆளு இல்ல உம்மா. அப்படியே கெடக்கு."

தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "நான் வாசிக்கட்டா?" என்றார். "தப்பும் தவறுமாத்தான் வரும். ஆனா அவ வாசிக்கத எத்தன தடவ கேட்டுட்டுக் கெடந்திருக்கேன். அவ வாசிப்பா, நீ அங்கன இருந்து கத்துவ."

கண்ணாடியைத் தேடி எடுத்து, உன் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். உன் பென்சில் இன்னும் அங்கேதான் கிடந்தது. நான் மடிக்கணினியைத் திறந்துகொண்டு தரையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு உம்மா எழுத்துக் கூட்டினார். நான் தொட்டேன், படித்தேன், "வந்தாச்சு" என்றேன். உம்மா டிக் போட்டார். அவர் டிக்குக்கு வால் இல்லை. பழைய பதிப்புகளுக்கான இணைப்பு ஒன்று வரவில்லை, "இல்ல" என்றேன். "சுழி போடணும், என்ன?" என்று கேட்டுப் போட்டார். அப்படியே பெயர்ப் பட்டியலுக்கு வந்துவிட்டோம். ஒரு வெளிநாட்டுப் பெயரில் சிக்கிக்கொண்டு, "இது என்ன பேரும்மா, பல்லுல ஒட்டுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். உம்மாவும் சிரித்தார். அந்த வீட்டில் நாங்கள் சிரித்தது எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டோம்.

அடுத்தது உன் பெயர். அதை மட்டும் உம்மா எழுத்துக் கூட்டவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுப் பென்சிலைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தொட்டேன். பக்கம் திறந்தது. வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி. இந்த முகவரி இப்போது காலியாக இருக்கிறது, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று. ஆறு இல்லை, முக்காடு இல்லை, பைய வரும் என்ற பதிலும் இல்லை. நிரல் இதைத்தான் சரி என்று சொல்லியிருக்கிறது.

உம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். வந்தாச்சு என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவர் ஒரு டிக் போட்டுக்கொள்வார், அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார். அவர் வந்து திரையைப் பார்க்கப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் மிரட்டல் காதில் கேட்டது.

"இல்ல, உம்மா" என்றேன்.

 வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பிறகு உம்மா உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டார். சின்னதாக, கோணல் இல்லாமல், நிதானமாகப் போட்டார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்த பேர வாசிக்கேன்" என்றார். வாசித்தார். நான் "வந்தாச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு" என்றார் உம்மா.

குறிப்பு வெளியாகிவிட்டது. பட்டியலில் மற்ற பெயர்கள் எல்லாம் நீலத்தில் இருக்கின்றன, உன் பெயர் கறுப்பில் இருக்கிறது. தொட்டால் எங்கும் போகாது. ஓர் அஞ்சலிப் பக்கம் போட்டு அதற்கு இணைப்புக் கொடுக்கலாமே என்று அந்த வெளிநாட்டுக்காரர் நல்ல மனசோடுதான் கேட்டார். அங்கேயும் அவள் இருக்க மாட்டாள் என்று எழுதினேன். அடுத்த வெளியீடு எப்போது என்று உம்மா போன் போட்டுக் கேட்டார். சொன்னேன். கண்ணாடியை மாற்ற வேண்டும், அதற்குள் மாற்றிவிடுகிறேன் என்றார்.

உன் தாள்களை நானே வைத்துக்கொண்டேன். உன் டிக், உம்மாவின் டிக், அந்தச் சுழி, எல்லாம் எண்ணெய்க் கறையோடு என்னிடம்தான் இருக்கின்றன. ஊரெல்லாம் சொன்னபோது வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வாயால் நீ இல்லை என்று சொன்னேன். அதுவும் உன் உம்மாவிடம், உன் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

பார்க்காமல் சொல்லவில்லைட்டி. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.