எண் எழுதாத பாட்டில்

கொலோமியே,
பிப்ரவரி முதல் ஞாயிறு

அன்பு மகள் மய்லிஸுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்காலும் கூடவே முனகிக்கொண்டு வருகிறது. நீ இருக்கும் ஊரில் மூச்சு விட்டாலே உறைந்துவிடுகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்த மலையளவு விமானத்தை இரவெல்லாம் பனியில் நிறுத்திவைத்து, காலையில் கிளம்புகிறதா என்று பார்க்க என் பெண்தான் கிடைத்தாளா? உள்ளே கம்பளி போட்டுக்கொள். அழகு பார்க்க அங்கே கரடியைத் தவிர யாரும் இல்லை.

உதிரி பாகங்களோடு அங்கே வரும், அப்பா அலுவலகத்து லப்போர்த்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் பேசியிருப்பேன். ஆனால் நான் வாயெடுத்ததுமே, "அம்மா, ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்து மழுப்பிவிடுவாய். எழுதி அனுப்பினால் கடைசி வரி வரைக்குமாவது படிப்பாய் அல்லவா?

இங்கே ஒரு வாரமாக ஓதான் காற்று. உனக்குத்தான் தெரியுமே, இது அடிக்கத் தொடங்கினால் ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேருக்குச் சண்டை. எதிர்வீட்டுக்காரி குப்பைத்தொட்டிக்காக என்னோடு சண்டைக்கு வந்தாள். நானும் சும்மா விடவில்லை. சமையலறை ஜன்னலின் மரக்கதவு ஒன்று இந்தக் காற்றில் டக், டக் என்று அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் உன் அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கொக்கி போட்டாயிற்று, கயிறு கட்டியாயிற்று, இப்போது அது அடிப்பதே இல்லை. ஆனாலும் எழுந்து போகிறார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் விமானப் பேச்சு கூடாது. அவர் விமானத்துக்குக் கணக்குப் போட்டு, அது உடையுமா என்று சோதித்துப் பார்க்கும் ஆள், நீ அதில் ஏறிப் பறக்கும் ஆள். நீங்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்காது என்று நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். இன்று நானே அதை மீறுகிறேன்.

போன ஞாயிறு சந்தையில் வாத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பூண்டுக் கடைப் பக்கம் லப்போர்த் நின்றான். "மதாம், உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? பாட்டில் வெச்சாரு, சீட்டு ஒட்டலையே. தோத்துடுவோம்னு பயமா?" என்று கிண்டல் செய்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

அந்தப் பந்தயம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு விமானத்தின் இறக்கையைச் சோதனைக் கூடத்தில் கட்டி, உடையும் வரை மேலே இழுத்துப் பார்ப்பதற்கு முன், அவர் அலுவலகத்துக்காரர்கள் அதன் கீழே ஆளுக்கொரு பாட்டில் வைப்பார்கள். எவ்வளவு பாரத்தில் உடையும் என்று ஒரு சீட்டில் எண் எழுதிக் கழுத்தில் ஒட்டுவார்கள். வானத்தில் அந்த இறக்கை தாங்கவேண்டிய மிகப் பெரிய பாரம் நூறு என்றால், நூற்றைம்பது வரைக்கும் உடையக் கூடாது என்பது சட்டம். அதனால் எல்லோரும் அதற்கு மேலேதான் எழுதுவார்கள். உன் அப்பா எழுதாத பந்தயமே கிடையாது. ஜெயித்த பாட்டில்களைக் கொண்டுவந்து என்னிடம் எத்தனை அலட்டல்!

வீட்டுக்கு வந்து நிலவறைக்குப் போனேன். நீ பிறந்த வருஷத்து அர்மாஞ்ஞாக் பிராந்தி பாட்டில் இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம்தான் இருந்தது. உன் கல்யாணத்துக்கென்று வைத்தது, மய்லிஸ். நீதான் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, அதைக் குடிக்கவும் விடவில்லை.

வாத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டேன். "ரெஜிஸ், பாட்டில் எங்க? ஏன் நம்பர் எழுதல?" எழுந்துபோய் அந்த மரக்கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நூத்தம்பதுக்குக் கீழ எழுதினா அது பந்தயம் இல்ல, புகார். புகார நான் ஏற்கெனவே குடுத்தாச்சு" என்றார்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தப்பிருந்தால் அங்கே உட்கார்ந்து சிரி. நீ பறக்கும் இந்தப் புது விமானம் கனம் கூடிப்போனது. எங்கெல்லாம் செதுக்கலாமோ அங்கெல்லாம் செதுக்கச் சொன்னார்கள். இறக்கைக்குள்ளும் செதுக்கினார்கள். கணக்குப் போட்ட அத்தனை பேருக்கும் சரியாகத்தான் வந்தது, உன் அப்பாவுக்கும்தான். ஆனால் இலையுதிர் காலத்தில் கூடத்து இறக்கையை நூறு வரைக்கும் இழுத்தபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டதாம். மற்றவர்கள், "போல்ட்டு உக்காருது, விடுங்க" என்றார்களாம். அளவுக் கருவிகளில் ஒன்றும் தெரியவில்லை. இவருக்கு மட்டும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

உடைக்கும் சோதனை போன மாதமே நடந்திருக்க வேண்டும். விமானம் வாங்க வருகிறவர்கள் கூடத்தைப் பார்க்கும் நாளில் உடைந்த இறக்கை கிடக்கக் கூடாது என்று தள்ளிவைத்துவிட்டார்கள். பாய்ச்சல் சோதனையை மட்டும் தள்ளவில்லை. நீ திரும்பி வந்ததும் அதுதான். உயரத்திலிருந்து மூக்கைச் சாய்த்து, எந்தப் பயணியும் காணாத வேகத்தில் விழுந்து, பிறகு நிமிர்த்துவது. கீழே இறக்கையை உடைத்துப் பார்த்த பிறகு மேலே பாயுங்கள் என்றுதான் உன் அப்பா கேட்டாராம். "ரெண்டும் வேற வேற சோதனை, ரெஜிஸ். போய்க் காப்பி குடிங்க" என்றாராம் மேலாளர். காப்பி குடிப்பதற்கா நாற்பது வருஷம் வேலை பார்த்தார்?

"அவள போகாதேன்னு சொல்லேன்" என்று கத்தினேன். "சொன்னா முதல் ஆளா ஏறுவா. உன் பொண்ணு" என்றார். அந்த வயிற்றெரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் போகாதே என்று நான் எழுதவில்லை. எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. விமானி நிமிர்த்தும்போது, பின்னால் திரைகளுக்கு முன் உட்கார்ந்து இறக்கையின் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நீதான் என்றும், போதும் என்று நீ சொன்னால் அவர் மேற்கொண்டு இழுக்கக் கூடாது என்றும் உன் அப்பா சொன்னார். உன்னிடம் போய் யார் கொடுத்த வேலையோ! உனக்குப் போதும் என்று சொல்லத் தெரியாதே, கண்ணு. திருவிழா ராட்டினத்தில் முகம் வெளுத்துப் போனாலும் இன்னொரு சுற்று என்பாய். கசூலே சட்டியைச் சுரண்டிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாய். கரோன் ஆற்றில் உதடு நீலமாகும் வரை நீந்துவாய். ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து போதும், போதும் என்று கத்தியவள் நான்தான். அங்கே மேலே நான் இருக்க மாட்டேன்.

நேற்று தொராத் கோயிலுக்குப் போய்க் கறுப்பு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன்னை வயிற்றில் சுமந்தபோது போய் நின்ற அதே இடம். இந்தக் காற்றில் கோயில் கதவு திறந்து மூடும்போதெல்லாம் சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. அணைகிறதா என்று பார்க்கத் தைரியமில்லாமல் வந்துவிட்டேன்.

இதை எழுதும்போது உன் அப்பா எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வால்நட்டை உடைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த பாட்டிலை யாராவது ஜெயித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வீர் என்று இப்போது கேட்டேன். "நம்பர் இல்லாத பாட்டில யாரும் ஜெயிக்க முடியாது. அவ வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

மாதா உன் கூடவே உட்கார்ந்திருக்கட்டும். அந்த பாட்டில் இறக்கைக்குக் கீழே உனக்காகக் காத்திருக்கிறது. நீயே போய் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. கல்யாணம் இல்லாவிட்டால் போகிறது, மூன்று பேருமாகக் குடித்துவிடுவோம். திரையில் நூறு வரும்வரை காத்திருக்காதே. யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், மய்லிஸ். நான் கரையிலிருந்து கத்துவதாக நினைத்துக்கொண்டு, இந்த ஒரு முறை முன்கூட்டியே போதும் என்று சொல்லிவிடு.

உன்னை முத்தமிடும்,
அம்மா