வர்க்கித் தாளில் உன் பாதி

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் இன்று சாயங்காலம் டீயில் தொட்டுக்கொள்ள வர்க்கி வாங்கினேன் புள்ள. மலையில் பிளாஸ்டிக் கூடாது என்பதால் இப்போதும் இங்கிலீஷ் பேப்பரில் ஒட்டிய பைதான். வீட்டுக்கு வந்து வர்க்கியைத் தட்டில் கொட்டினேன். பையின் ஒட்டைப் பிரித்து, தாளை நீவி, நடுவில் மடித்து நேராகக் கிழித்தேன். கிழித்த பிறகுதான் உறைத்தது. ஒரு பாதியை யாரிடம் நீட்டுவது? நீ போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதற்கு முன்னாலும் பல வருடமாக நீ எனக்கு இல்லை. இந்தக் கைக்கு மட்டும் அது தெரியவில்லை, சனியன்.

நாம் இரண்டு பேருமே பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள். தேயிலை ஃபேக்டரியில் சலிக்கிற பகுதியில் எதிரெதிரே உட்கார்ந்து, தூளில் கிடக்கும் நாரைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஃபேக்டரி கைமாறியது. புது முதலாளி வடக்கே இருந்து ஒரு மேனேஜரைக் கொண்டுவந்து போட்டார். அந்த ஆளுக்குத் தமிழ் சுத்தமாக வராது. மாதக் கூட்டத்தில் அவர் இங்கிலீஷில் பேசுவார், கிளார்க் நமக்குத் தமிழில் சொல்வார். மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிப் பத்து வாக்கியம் பேசினால், கிளார்க் "எல்லாரும் நல்லா வேலை செய்யோணுங்கறார்" என்று ஒரே வாக்கியத்தில் கூட்டத்தை முடித்துவிடுவார்.

"மீதி ஒம்போதை இந்தாளு எங்க புள்ள கொண்டுபோயி வெக்கறான்?" என்றாய் ஒருநாள் வீட்டுக்கு நடக்கும்போது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "நெசமாத்தான் கேக்கறேன். நம்ம பொழப்பப் பத்திப் பேசறாங்க, நமக்கே தெரிய மாட்டேங்குது. அவன் பத்து சொன்னா நமக்குப் பத்தும் தெரியோணும்."

அந்த வாரமே ஆரம்பித்தது. படிக்க நமக்குப் புத்தகம் ஏது? சம்பளம் வாங்கினால் வர்க்கி வாங்குவோம். வர்க்கி தீர்ந்தால் தாள் மிஞ்சும், அதை இரண்டாகக் கிழித்துப் பங்கு போடுவோம். விலைவாசி, வியாபாரம், வரி என்று வந்தால் அது உன் பாதி. கல்யாணம், சட்டம், பள்ளிக்கூடம், சண்டை என்று வந்தால் என் பாதி. "நீ ஊரு ஞாயம் பேசறவ, அது உனக்கு. காசு ஞாயம் எனக்கு" என்று நீதான் பங்கு பிரித்தாய். தெரியாத சொல்லை உன் போனில் போட்டு, அது சொல்வதைக் கேட்டு நாமும் சொல்லுவோம். அன்றைக்குக் கற்றதை அன்றைக்கே யாரிடமாவது பேசிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மார்க்கெட்டில் காய்கறிக்காரரிடம் நீ "டூ மச் இன்ஃப்ளேஷன்" என்று முறைத்ததும், அவர் பயந்துபோய், "இல்லீங்கக்கா, இன்னைக்குக் காலைல புடுங்கின கேரட்டுங்க" என்றதும் நினைவிருக்கிறதா? பஸ் ஏறும்வரை நம்மால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தாள் எப்போதும் பாதி வாக்கியத்தில் அறுந்திருக்கும். ஒருதடவை, ஏழைக் குடும்பங்கள் எல்லாம் 'மேக் எண்ட்ஸ்' என்பதோடு நின்றுவிட்டது. மீதி பேக்கரிக்காரர் பசையில் போய்விட்டது. என்ன செய்கின்றன அந்தக் குடும்பங்கள் என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் உன் போன் சொன்னது, 'மேக் எண்ட்ஸ் மீட்' என்றால் வரவையும் செலவையும் இழுத்துப் பிடித்து ஒப்பேற்றுவதாம். "அட, இதத்தானே நாம தெனமும் செய்யறோம்! இதுக்கு இங்கிலீஷ் வேறயா?" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

காஸ்ட் ஆஃப் லிவிங், மினிமம் வேஜ், சப்ளை அண்ட் டிமாண்ட் எல்லாம் நீ எனக்குச் சொல்லித் தந்தவை. ஈக்வல் ரைட்ஸ், பப்ளிக் ஒபீனியன், லா அண்ட் ஆர்டர் எல்லாம் நான் உனக்கு. எனக்கு அந்தக் காலத்தில் பெருமை தாங்கவில்லை. நார் பொறுக்கும்போதுகூட நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கிளார்க் ரிட்டயர் ஆனபோது, "இனி நம்மாளே எடுத்துச் சொல்லட்டும்" என்று எழுந்து நின்று உன் பேரைச் சொன்னவள் நான்தான். எனக்குப் புரியும், ஆனால் கூட்டத்தில் நாக்கு எழாது. உனக்கு எழும். முதல் கூட்டத்தில் நீ ஒரு வாக்கியம் விடாமல் சொன்னாய். நாம் கேட்டதையும் விடாமல் மேனேஜருக்குச் சொன்னாய். உடைந்து கிடந்த கக்கூஸ் கதவு அடுத்த வாரமே சரியானது. பெண்கள் உன்னைச் சாமி மாதிரி பார்த்தார்கள்.

பிறகு அந்தக் கூட்டம் வந்தது. கொழுந்து இறக்குகிற முற்றத்தில் எல்லோரும் நின்றோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் நெடுநேரம் பேசினார். நீ அவர் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாய். அவர் கடைசியில் உன்னைப் பார்த்தும் ஏதோ சொன்னார். நீ தலையாட்டினாய். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "வேலை எப்பவும் போல இருக்குமுங்க. சம்பளம் மட்டும் இனி வேற ஒருத்தர் கையில வாங்குவீங்க. ஆரும் பயப்பட வேண்டாமுங்க" என்றாய்.

அவ்வளவுதான். கிளார்க் சொல்வது போலவே இருந்தது. அவர் பேச்சில் 'அவுட்சோர்ஸ்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்ததை நான் பிடித்திருந்தேன். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. எழாத நாக்கை எழுப்பி, எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "அவுட்சோர்ஸுன்னு என்னமோ சொன்னாரே புள்ள, அதென்ன?"

நீ என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "அதெல்லாம் உன்ற பாதியில வராது. தெரியாதத ஏன் பேசறே? சும்மா இரு."

எல்லோரும் சிரித்தார்கள். சம்மதம் என்று கையும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

நீ பொய் ஒன்றும் சொல்லவில்லை. மீதியைச் சொல்லாமல் விட்டாய். நாங்கள் இனி ஃபேக்டரி ஆட்கள் இல்லை, காண்ட்ராக்டர் ஆட்கள், வேண்டாம் என்றால் அவன் ஒரு போனில் நிறுத்திவிடலாம் என்பதையெல்லாம் அந்த மேனேஜர் வெளிப்படையாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. மறைக்கவில்லை பார், மகராசன். மறைத்தது நீ. கொழுந்து வரத்து குறைந்ததும் முதல் போன் எனக்குத்தான் வந்தது. அந்த வாரமே உனக்கு ஆபீஸில் நாற்காலி போட்டார்கள், சூப்பர்வைசர் என்று.

குழாயடியில் உன்னை மறித்தேன். "தெரிஞ்சுதானே மறைச்சே?"

நீ குடத்தைக் கீழே வைக்கவில்லை. "தெரிஞ்சா மட்டும் நின்னிருக்குமா? எப்படியும் நடக்கறதுதான் புள்ள. ஒருத்தியாச்சும் உள்ள இருக்கட்டும்னுதான்."

அந்த ஒருத்தி யார் என்பதையும் நீயே முடிவு செய்துகொண்டாய். வேலை போனது எனக்குப் பெரிதில்லை. கேரட் கழுவப் போனேன், பிறகு வேறொரு ஃபேக்டரியில் அதே நார்தான். 'உன்ற பாதி' என்றாயே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை. பாதி பிரித்தவளே நீதானே. உன் பாதியில் இருப்பதை எனக்குச் சொல்வாய் என்று நம்பித்தானே நான் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தேன். ஊரே பார்க்க என்னை முட்டாள் ஆக்கிவிட்டு நீ நாற்காலியில் போய் உட்கார்ந்தாய்.

அதற்கப்புறம் நாம் பேசவில்லை. ஒரே பஸ்ஸில் ஏறினாலும் நீ முன்னால், நான் பின்னால். போன மாதம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாயாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை. போஸ்டரில் நீ அதே சால்வையில் இருந்தாய். அழுகை வரவில்லை. இனி உன்னிடம் சண்டை போடவும் முடியாது என்ற ஆத்திரம்தான் வந்தது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த ஃபேக்டரியிலும் இப்போது ஒரு வெளியூர் மேனேஜர். இங்கே எடுத்துச் சொல்வது நான். என் நாக்கும் எழுந்துவிட்டது புள்ள, நீ எழுப்பிவிட்டதுதான். மத்தியானம் கூட்டம் போட்டார். அதே சொல்தான், அவுட்சோர்ஸ். வாக்கியத்துக்கு வாக்கியம் அவரை நிறுத்தி, சொல்லிக்கொண்டே வந்தேன். முகங்கள் கறுத்தன. அவருக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் என் பக்கம் குனிந்து, மெதுவாக, சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஒன்று சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு அந்தத் தூறல் ஞாபகம் வந்தது. அன்று அந்த மேனேஜர் உன்னைப் பார்த்துச் சொன்னது எது, நீ எதற்குத் தலையாட்டினாய் என்று இத்தனை வருடம் கழித்து எனக்குப் புரிந்தது.

என் முன்னால் நின்ற பெண்கள், "கடைசியா என்னமோ சொன்னாரே, அது என்னங்கக்கா?" என்று கேட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், அந்த நாற்காலி கண்முன் வந்துதான் போனது. அப்புறம் சொன்னேன்: "பக்குவமா எடுத்துச் சொல்லி உங்கள ஒத்துக்க வெச்சா, என்னைய மட்டும் ஆபீஸ்ல வெச்சுக்குவாராமா."

யாரும் கை தூக்கவில்லை. நாளைக்கு எங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. எனக்கு நிச்சயம் நல்லதாக எதுவும் ஆகாது. வெளியே வந்து நேராகப் பேக்கரிக்குப் போனேன்.

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பத்தும் சொல்ல வேண்டும் என்று என் தலையில் ஏற்றியவள் நீதான், அதை இறக்கி வைக்க எனக்குத் தெரியவில்லை. கிழித்த தாள் இரண்டும் மடியில் கிடக்கின்றன, எண்ணெய்க் கறையோடு. உன் பாதியைத்தான் முதலில் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.