இரண்டு பனிவண்டி

மார்கழி 18, செவ்வாய். பாகூர்.

கனடாவிலிருந்து என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். மாசியில் நான் அங்கே போனதும், ஒரு தேசியப் பூங்காவில் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியில் சுற்றலாமாம். ஆளுக்கொரு வண்டி, வழிகாட்டி கிடையாது. வழியை நீயே குறி என்று வரைபடமும் வைத்திருந்தார். ஒரு வாரமாகச் சிவப்புப் பென்சிலால் குறித்தேன்.

எழுதப் படிக்கத் தெரியாத மாமனார் இன்று பதில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"பார்க்குல சுத்த ரெண்டு வண்டி இன்னாத்துக்கு? மார்கழிப் பனிய நாம பாக்காததா? ஒண்ணு போதும், மருமவ பின்னாடி குந்திக்கும்னு எழுதும்மா."

தினமும் அபிஷேகப்பாக்கம் பள்ளிக்கு மொபெட் ஓட்டுகிறவள் நான். அதை என் கையாலேயே எழுத வேண்டுமாம்! பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அவர் சொன்னபடியே வாசித்தும் காட்டினேன். திருப்தியாகக் கைநாட்டு வைத்தார்.

கைநாட்டுக்கு மேலே இருப்பது: 'வண்டி இரண்டு. முன்னால் போவது உன் பெண்டாட்டி.'