கைக்குள் மூடிய அப்பம்

அக்கா,

இன்று மதியம் செக்காலை ரோட்டில் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது, புதுவயலிலிருந்து வந்த அரிசி ஆலை லாரி ஒன்று கடந்து போனது. அவித்த நெல்லின் அந்தப் புளித்த வாடை உங்கள் சேலை வாடை. இடுப்பிலிருந்த சின்னவள் மூக்கைச் சுளித்தாள். நான் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். ஆட்டோ வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

நீங்கள் போய் ஓராண்டாகிவிட்டது. உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நம் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தார் ஒவ்வொருவராக எழுந்து உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். நான் மட்டும், பிள்ளை அழுகிறாள் என்று வெளியே போய்விட்டேன். பிள்ளை அழவில்லை, அக்கா. அன்று சொல்லாமல் விட்டதைத் தாமதமாக இப்போது எழுதுகிறேன்.

ஞானஸ்நானம் பெற விரும்பும் பெரியவர்களுக்கு வகுப்பெடுக்க, எம்.எஸ்சி. படித்தவள் என்று, கோயில் பாதிரியாரான பங்குசாமி என்னைப் பிடித்துப் போட்டிருந்தார். செவ்வாய்தோறும் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்காருவீர்கள். சின்னவளுக்கு அப்போது ஐந்து மாதம். பத்து நிமிடத்துக்கொரு முறை எழுந்துபோய், மூச்சு விடுகிறாளா என்று தொட்டிலுக்குள் குனிந்து பார்ப்பேன். "பிள்ள எங்குட்டும் ஓடிறாது டீச்சர், நீக உக்காருங்க" என்பீர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவீர்கள். பாதி மரியாதை, பாதி கேலி.

ஆலைக் களத்தில் நெல் காயப்போட்டுவிட்டு, புதுவயலில் பஸ் பிடித்து, கால் கழுவிய ஈரத்தோடு வந்து உட்காருவீர்கள். உங்கள் வீட்டுக்காரர் பிறப்பிலேயே கத்தோலிக்கர். மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து ஒன்பது வருடமாகப் படுக்கையில் இருந்தார். ஏன் ஞானஸ்நானம் கேட்கிறீர்கள் என்று முதல் நாள் விசாரித்தபோது, "அவுகளுக்குச் செபஞ்சொல்ல வீட்டுல ஆளில்ல. சொல்றதுன்னா வெளங்கிச் சொல்லணும்ல" என்றீர்கள். நான் கொடுத்த படிவத்தில் அந்தக் காரணத்தை எழுத இடமே இல்லை.

பூசையில் அப்பம் தரும் நற்கருணையைப் பற்றிப் பாடம் எடுத்த அன்று, "இம்புட்டுக்காண்டு அப்பத்துல யாருக்கு டீச்சர் பசி ஆறும்?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். குறிப்பேட்டைப் பார்த்து, பெரிய பெரிய சொற்களாக அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு வெளங்குனதச் சொல்லவா? அப்பம் ஒண்ணுதேன். பிட்டு எல்லாருக்கும். ஒருத்தரயும் விடக்கூடாது. சரியா?" என்றீர்கள். சரிதான் அக்கா என்று சொல்லி, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

இரவில் அவரைத் தனியே விட்டு வர முடியாது என்பதால், வழக்கமாகத் தரும் ஈஸ்டர் பாஸ்கா இரவில் இல்லாமல் ஒரு ஞாயிறு காலைப் பூசையில் உங்களுக்கு ஞானஸ்நானமும், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையும் தந்தார்கள். சந்தன நிறச் சேலை. நெற்றியில் தண்ணீர் இன்னும் காயவில்லை. சாமி "கிறிஸ்துவின் உடல்" என்றார். கோயிலே திரும்பிப் பார்க்கும்படி "ஆமென்" சொன்னீர்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே இடது கை மேல், வலது கை கீழ். அப்பத்தை வாங்கினீர்கள். விரல்களை மூடினீர்கள். மூடியபடியே நடந்து வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டீர்கள்.

மூடிய அந்தக் கையை நான் பார்த்தேன். முன்வரிசையிலிருந்த, கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை அம்மாவும் பார்த்துவிட்டார். "ஏம்மா, வாயில போடு! வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு இதென்ன துளசியா?" அவர் கிசுகிசுத்தால் நாலு வரிசைக்குக் கேட்கும். எல்லாத் தலைகளும் நம் பக்கம் திரும்பின.

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தீர்கள். "அவுகளுக்கு வேணாமா டீச்சர்? ஒருத்தரயும் விடக்கூடாதுன்னதுக்கு நீகதானே சரின்னீக. பாதி நான் தின்னுக்கிறேன், பாதி அவுகளுக்கு."

திருக்கோஷ்டியூர் பெருமாள் கோயிலுக்குப் போனால் துளசியை முந்தானையில் முடிந்துவந்து, வர முடியாதவர் கையில் கொடுப்பது நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கம். நற்கருணையை வாங்கிய இடத்திலேயே உட்கொள்ள வேண்டும் என்பது, நினைவு தெரிந்த நாளிலிருந்தே எங்களுக்குப் பழகிப்போனது. ஆறு மாதத்தில் ஒருமுறைகூட நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

"இப்ப நீங்க சாப்பிடுங்க அக்கா. அவுகளுக்கு நான் பொறுப்பு" என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு கையைத் திறந்து உட்கொண்டீர்கள்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சாமி முன்னாலேயே பேரவை அம்மா நம்மைப் பிடித்துக்கொண்டார். "ஆறு மாசமா வகுப்பு எடுத்து இம்புட்டுதானா? தயாரிப்பு பத்தல சாமி. இந்தம்மா இன்னும் ஒரு வருசம் படிக்கட்டும், அதுவரைக்கும் நன்மை எடுக்க வேண்டாம்." நீங்கள் இனி இந்தக் கோயில் படி ஏறமாட்டீர்கள் என்றே நினைத்தேன். நானும் இனி வகுப்பெடுக்கக் கூடாது என்று மனதுக்குள் முடிவுசெய்துவிட்டேன். பிள்ளையைக் காரணம் காட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் நகரவில்லை. "தப்பு எம்மேலதேன் சாமி. டீச்சர வையாதீக. நாளைக்கே பரீட்ச வைங்க, எழுதுறேன்." அதற்குப் பிறகுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரே ஒரு கேள்வி. ஒம்போது வருசமா அந்த மனுசன் படுத்துக் கெடக்காக. இம்புட்டு நாளும் அவுகளுக்கு இந்த அப்பத்த யாரு கொண்டாந்தாக?"

பேரவை அம்மா தன் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். சாமி எங்கள் பங்குக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. "மறந்தது நாங்கதான் தாயி. வீடு எங்குட்டு இருக்கு?" என்றார்.

அன்று மதியமே போனோம். சாமி அப்பத்தில் ஒரு சிறு துண்டு பிட்டு, ஒரு கரண்டித் தண்ணீரோடு அவர் வாயில் வைத்தார். விழுங்க வெகுநேரம் ஆனது. கண்ணோரம் வழிந்ததை நீங்கள் துடைத்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் சாப்புட்டாக டீச்சர்" என்றீர்கள். கல்யாண வீட்டில் பந்தி முடித்து வருபவர்போல அப்படி ஒரு பெருமை.

அதே வாரம் அன்பியக் கூட்டத்தில் எழுதிப் பார்த்தபோது, கோயிலுக்கு வர முடியாதவர்கள் நம் தெருக்களில் மட்டும் ஏழு பேர். ஏழு வீட்டையும் கண்டுபிடித்தது நீங்கள். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் காது கேட்காது, யாருக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக வேண்டும், எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பேரவை அம்மாவே உங்கள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "வெயில்ல வாராக பாவம், மோர் கொடுங்க டீச்சர்" என்றீர்கள்.

மூன்று நாள் காய்ச்சலில் நீங்கள் போனபோது, உங்கள் வீட்டுக்காரரை யார் பார்ப்பது என்று நம்மில் யாரும் பேச்செடுக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை கஞ்சியோடு பேரவை அம்மா நின்றார். மதியம் வேறொரு வீடு. இன்றுவரை ஒரு வேளை தவறவில்லை.

இந்தத் தவக்காலத்தில் நற்கருணை கொண்டு செல்லும் பணியை எனக்கும் தந்தார்கள். எனக்கு இன்னும் எல்லாவற்றுக்கும் பயம்தான், அக்கா. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் பயம், படியிறங்கினால் பயம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது மட்டும் பயம் இருப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரர் குழறியபடி ஆமென் சொல்லும்வரை நிதானமாகக் காத்திருக்கிறேன்.

போன செவ்வாய் புது வகுப்பு தொடங்கியது. நாலு பேர். குறிப்பேட்டைத் திறக்கும் முன்பே கேட்டேன்: "உங்க வீட்டுல, வெளிய வர முடியாம இருக்கிறது யாரு?" பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்க மாமியா இருக்காக. அவுகளும் இந்தக் கோயில்தேன். யாருமே கேட்டதில்ல டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போகிறோம்.