வாஷர் போன குழாய்

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொன்னாலும் நீங்கள் சிரித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவீர்கள். மகள் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தையற்காரம்மா மகளை உங்களுக்குத் தெரியும். போன லீவில் வந்து உங்கள் ஸ்பானரை வைத்து விளையாடினாளே, அவள்தான். வெளியே போக டீச்சரிடம் கேட்கப் பயந்து அடக்கிக்கொண்டே இருந்து, வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். நம் வாலு எழுந்து நின்று, "டீச்சர், இவ வாஷர் போன குழாய்" என்றிருக்கிறாள். வகுப்பே கொல்லென்று சிரித்ததாம்.

அது யார் வார்த்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவளுக்கு மூக்கு ஒழுகினாலும் சரி, நான் அழுதாலும் சரி, குழாய் ரிப்பேர்க்காரர் நீங்கள் இதைத்தானே சொல்வீர்கள். நாங்களும் சிரிப்போம். வீட்டுக்குள் அது கொஞ்சல். வாசல் தாண்டினால் என்னவாகும் என்று நமக்கு உறைக்கவே இல்லை.

டீச்சர் இவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார். எதற்கு மன்னிப்பு என்று சொல்லப்போய் இவள் அந்தப் பெயரையே திரும்பச் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை.

நேற்று இவளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். தையற்காரம்மா மெஷினை நிறுத்தி, நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கி உட்காரச் சொன்னார். எங்களைப் பார்த்ததும் பிள்ளை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். "ஸ்கூலுக்குப் போறது அப்புறங்க. தண்ணியே குடிக்க மாட்டேங்கறா. உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு" என்றார்.

வாலு குனிந்து பார்த்தாள். தன் தண்ணீர் பாட்டிலை உள்ளே உருட்டிவிட்டாள். அது அப்படியே திரும்பி வந்தது. மறுபடி உருட்டினாள். மறுபடியும் வந்தது.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாலுவின் பாட்டில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது. கேட்டால், "அவ குடிக்கட்டும், அப்பறம் நான் குடிக்கிறேன்" என்கிறாள். பிறர் மனம் நோகாமல் நடக்கச் சொல்லித்தர நினைத்தேன். இவளோ தன் உடம்பை நோகடித்துக்கொள்கிறாள். கெஞ்சித்தான் இரண்டு மடக்கு குடிக்க வைத்தேன். நாளைக்கும் அங்கே போகப்போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசும்போது எல்லாவற்றையும் அவளே சொல்வாளாம். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாள். முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். சிரித்துவிடாதீர்கள். நடுவில் அழுதால் அழட்டும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்,
வாலுவின் அம்மா