சரிங்கய்யா

ஜன. 19, திங்கள், காலை 6.40. பனி. செயலியை இதுவரை பயன்படுத்தியவர்கள் 17. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் தாமே வாதாட நான் எழுதியது. வியாழன் வருவாய் நீதிமன்றத்தில் ஆரோக்கியமேரி அக்கா விசாரணை.

ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். கணவர் பெயரில் குத்தகை. அவர் இறந்தபின் அக்காதான் சாகுபடி. நிலக்காரர் வாதம்: வெறும் கூலியாள், வெளியேறட்டும். குத்தகை ரசீது, சாகுபடிக் கணக்கான அடங்கல் எல்லாம் ஸ்கேன் ஆயிற்று. கேஸ் பலம்.

பாக்கி: ஸ்பீக்கர் சத்தம் கூட்ட. பைக் டயர். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜன. 20, செவ். மூட்டம். அக்கா வீட்டில் ஒத்திகை. போன் கேள்வியை வாசிக்கும், பதில் சொல்லித்தரும். ‘சரி’ பொத்தானை அமுக்கினால் அடுத்தது.

“அது பேசி முடிச்சதும் சரின்னு சொல்லணுமா தம்பி?”

“சொல்ல வேணாம்க்கா. அமுக்குங்க.”

இரண்டும் செய்தார். ஒவ்வொரு தடவையும் “சரிங்கய்யா”. மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “எம்மா, அது ஜட்ஜு இல்லம்மா!”

41 கேள்வி, 41 சரி. திரையில் பச்சை: தயார். போதும், கிளம்பினேன். இன்னும் இரண்டு பேர் வீடு பாக்கி.

ஜன. 22, வியா. தூறல். அறுப்பு நேரத்து மழை, வந்திருந்த எல்லோர் முகமும் செத்துக் கிடந்தது. போனை அணைத்துப் பையில் போடச் சொன்னார்கள். நான் பின் பெஞ்ச். ரசீதுகளை அக்கா நன்றாகவே காட்டினார்.

எதிர்த்தரப்பு வக்கீல்: “சம்பா அறுத்ததும் நிலத்த ஒப்படைச்சிட்டா, வேற எதுவும் கேக்கலங்கய்யா.”

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “என்னம்மா, சம்மதமா?”

“சரிங்கய்யா.”

“அறுத்ததும் விட்டுடுறீங்களா? யோசிச்சு சொல்லுங்க.”

“சரிங்கய்யா.”

எழுந்தேன். “உக்காருப்பா!” டவாலி அதட்டினார். எழுதினார்கள். காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். பெரியவர்கள் பேசினால் ‘காதில் விழுந்தது’ என்பதற்குச் சொல்கிற சரி அது. அதை நான்தான் 41 தடவை பழக்கினேன்.

வெளியே, முகமெல்லாம் சிரிப்பு. “நீ சொல்லிக்குடுத்த மாதிரியே பேசுனேன்ல? தடுமாறவே இல்ல. ஈரம் இருக்கு, அறுப்புக்கு முந்தியே அடுத்த போகத்துக்கு நாளான்னிக்கு உளுந்து தெளிச்சிடட்டா தம்பி?”

“சரிக்கா” என்றேன்.

ஜன. 23, வெள்ளி. தூங்கவில்லை. இன்று:

1. சட்ட உதவி மையம். நிஜ வக்கீல் ஒருவர். கையெழுத்தை எதிர்த்து மனு போட முடியுமா, எத்தனை நாளுக்குள்.
2. செயலியை நிறுத்த.
3. அக்கா வீடு. நேரில். விதை உளுந்தை ஊருக்குள் கேட்டு அலைவதற்கு முன்.
4. 3 முதலில்.