ஜெனரேற்றர் சத்தத்தில் தவறிப்போன முடிவு

என் ஆசை மச்சான் குலேந்திரனுக்கு,

போன சனிக்கிழமை உன்னுடைய இரும்பனைக் கண்டோமடா. முகாமிலிருந்து விட்டபிறகு வவுனியாவில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். வீட்டுக்காரரின் டிவியில் அந்த இயந்திர மனிதன் படம் போனது. இரும்பன் தமிழ் பேசினான். சென்னைக்காரர் யாரோ குரல் கொடுத்திருக்கிறார், செய்தி வாசிப்பது மாதிரி. உன் மகள் ஆரணி ஓடிவந்து முன்னுக்கு இருந்தாள்.

எங்கள் ஊர் தண்ணீரூற்றில் அந்தப் படத்தை எத்தனை தரம் போட்டிருப்போம்! சண்டை நின்று பாதை திறந்த காலம். தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுவதையும் விரட்டியபோது ஊரைவிட்டுப் போகவேண்டி வந்த ஹனிபா நானா, புத்தளத்திலிருந்து திரும்பிவந்து இடிந்த வீட்டைத் திருத்தி, டிவியும் டெக்கும் வாங்கிப் போட்டார். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் முற்றத்தில் படம். ஆங்கிலப் படமென்றால் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்ல ஆள் வேண்டும். இங்கிலீஸ் வாத்தியார் நீ இருக்க வேறு யார் சொல்வது?

நீ படத்தைப் படமாகவா சொன்னாய்? உன் பள்ளிக்கூடத்துக்கு யாரோ வெளிநாட்டார் விட்டுப்போன புத்தகப் பெட்டியில், ஒருவரும் தொடாமல் கிடந்த ஒரு தடித்த புத்தகம் உன் கையில் அகப்பட்டது. கபாலா என்று யூதர்களின் மறைஞானம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை வாசித்தாய். அதற்குப் பிறகு விண்வெளிப் படங்களில் வருகிற ஒருவரையும் நீ சும்மா விடவில்லை.

அந்தப் படத்தில் வெடித்துச் சிதறிய விண்கப்பல் உனக்குக் கப்பல் இல்லை. தொடக்கத்தில் கடவுள் தன் ஒளியை ஊற்றிவைத்த பாத்திரங்களாம். ஒளி தாங்காமல் உடைந்துபோனவையாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பொறி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் மனிசப் பிறவியின் வேலையாம். கிரகம் கிரகமாய்ப் போய்க் கப்பலின் துண்டுகளைத் தேடுகிற இரும்பன், நெற்றியில் திருச்சொல் எழுதி உயிர் கொடுத்த களிமண் மனிதன். சொல்லை அழித்தால் திரும்ப மண். சூரியன்களை விழுங்குகிற அந்தக் கறுத்த தளபதி, உடைந்த பாத்திரத்தின் வெறும் ஓடு. “ஆனா அந்த ஓட்டுக்குள்ளயும் ஒரு பொறி அகப்பட்டுக் கிடக்கு” என்று நீ சொல்ல, சனம் “சும்மா போங்கோ சேர்!” என்று கத்தும்.

எனக்கும் சினம்தான். “வைரவருக்கு ஒரு பொங்கல் வைக்க உனக்கு நேரமில்லை, யூதரின்ர சாமியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். மெசினுக்கு என்னடா ஆன்மா? நாள்முழுக்க வோட்டர் பம்ப் கழட்டிறன், ஒண்டுக்குள்ளயும் நான் காணேல்லை” என்பேன். “நீ கழட்டினாப் பிறகுதானே பாக்கிறாய் மச்சான்” என்று நீ சிரிப்பாய். உன்னோடு கதைத்து வெல்ல ஏலுமா?

அந்தப் படத்தின் இரண்டாவது சீடியில் கீறல். இரும்பனைச் செய்த கிழவி அவன் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். மிச்சத்தை நீ வாயால் சொல்வாய். அந்த முடிவுக்காகவே சனம் திரும்பத் திரும்ப அதே படத்தைக் கேட்டது.

இந்தமுறை படம் நிற்கவில்லை, மச்சான். கிழவி நெற்றி மூடியைத் திறந்து வயரைப் பிடுங்கினாள். இரும்பனைத் துண்டு துண்டாய்க் கழற்றி, இன்னொரு கப்பலுக்குச் சாமானாக்கினார்கள். பாட்டோடு பெயர்கள் ஓடின.

ஆரணி எழும்பவில்லை.

“மாமா, இது பிழை. அப்பா இப்பிடிச் சொல்லேல்லை.”

“பின்னை எப்பிடியம்மா சொன்னவர்?”

“எனக்குத் தெரியாது. நான் எப்பவும் முடிவுக்கு முதல் நித்திரையாப் போடுவன். நீங்கள் சொல்லுங்கோ.”

நான் என்னத்தைச் சொல்ல? அந்த முற்றத்தில் நான் எங்கே இருந்தேன்? வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள், மண்ணெண்ணெயில் ஓடுகிற அந்தக் கிழட்டு ஜெனரேற்றருக்குப் பக்கத்தில். கையை எடுத்தால் நின்றுவிடும் சனியன். படம் நின்றாலும் சனத்துக்கு பல்ப் எரியவேண்டுமே. கடகடவென்ற சத்தத்துக்குள் ஊரே சிரிக்கிறது கேட்கும், ஊரே மூக்கை உறிஞ்சுவது கேட்கும், நீ சொல்வது மட்டும் கேட்காது.

பிறகாவது கேட்டேனா? கடைசிச் சண்டையில், கடற்கரைப் பங்கர்க் குழிக்குள், நீயும் நானும் ஒருத்தன் மூச்சு ஒருத்தன்மேல் படக் கிடந்தோம். அரிசியையும் மாவையும் தவிர வேறென்ன கதைத்தோம்? உன்னை ஒருதரம் கேட்டிருந்தால் நீ முழுக்கச் சொல்லியிருப்பாய். பிறகு நீ கஞ்சி வாங்கப் போனாய். வாளி மட்டும்தான் வந்தது.

பிள்ளை விடவில்லை. சோறு வேண்டாம் என்கிறாள், முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு படுக்கிறாள். அவளிடம் உன் போட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் வழியில் போய்விட்டன. உன்னிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அந்தக் கதைதான். அதையும் டிவிக்காரன் வந்து பிடுங்கிவிட்டான்.

உன் பெண்சாதியைக் கேட்டேன். என் தங்கச்சி சுகந்தி இப்போது கதைப்பதே குறைவு. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “நான் நானா வீட்டுக் குசினியில சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். ஒரு துண்டுதான் கேட்டது. இரும்பன் போற கப்பலுக்குள்ள ஒரு பொம்பிளைக் குரல் கதைக்குமே, அது கடவுளின்ர பெண்பாதி எண்டு சொன்னவர். சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்டால் அவவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூட வெளிக்கிடுவாவாம். கடைசியில அவ கப்பலால இறங்கி, செருப்பும் இல்லாமல் சனத்தோட நடந்து போறா.” சொல்லிவிட்டுக் கனநேரம் அழுதாள். கடற்கரையை விட்டு வந்த பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

ஹனிபா நானாவைத் தேடிப் போனேன். பாதை மறுபடி பூட்டுவதற்கு முதல் வெளிக்கிட்டவர், இப்போது இங்கே கடைத்தெருவில் சாரம், துவாய், சீத்தைத் துணி விற்கிறார். உன் பெயரைச் சொன்னதும் மீற்றர் தடியைக் கீழே வைத்தார். “அந்தப் பொம்பிளைக் குரலின்ர கதையைச் சொல்லேக்குள்ள நான் எழும்பி நிண்டு கேட்டன் தம்பி, தொண்ணூறில எங்களோடயும் வந்தவவோ சேர் எண்டு. சேர் என்னைப் பாத்துச் சொன்னார், ‘நானா, உங்களோடதான் முதல் வெளிக்கிட்டவ. நாங்கள்தான் அதைக் காணேல்லை.’ அதுக்குப் பிறகு சொன்னது எனக்கு ஏறேல்லை. நான் அழுதுகொண்டு நிண்டனான்.”

இதை நீ சொன்ன நேரம், பத்தடி தள்ளி நான் கார்புரேற்றரை ஊதிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

என்னிடமும் ஒரு துண்டு இருக்கிறது. ஒருமுறை எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் சடாரென்று நின்றபோது, உன் குரல் தெளிவாய்க் கேட்டது: “கிழவி அழிக்கேல்லை. நெத்தியைத் துடைச்சு, அந்தச் சொல்லைத் திருப்பி வடிவா எழுதினவ.” அவ்வளவுதான். நான் உடனே எண்ணெயை ஊற்றி இழுத்து ஸ்ராட் பண்ணிவிட்டேன். என்ன அவசரம் எனக்கு, சொல்லு? இருட்டில் இருந்தால் என்ன செத்தா போயிருப்போம்?

மூன்று துண்டையும் நேற்றுப் பின்னேரம் ஆரணிக்குச் சொன்னேன். உன்னைப்போல எனக்குச் சொல்ல வராது. பம்ப் திருத்துகிறவன் கணக்குச் சொல்வது மாதிரித்தான் வந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“பிறகு?”

“பிறகு தெரியாதம்மா.”

யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு ஒண்டு தெரியும் மாமா. முடிஞ்ச உடன அப்பா என்னைத் தூக்குவார். நான் அப்ப முழிச்சிடுவன், ஆனா நித்திரை மாதிரிக் கிடப்பன். அவருக்கும் அது தெரியும். வீடுவரைக்கும் தூக்கிக்கொண்டு போவார்.”

சொல்லிவிட்டு என் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வயசு, பாரம்தான். நானும் தெரியாத மாதிரித் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் கிடத்தினேன்.

அந்த முற்றத்தில் இருந்து கேட்டவர்களில் பாதிப்பேர் இப்போது உன்னோடு. மற்றவர்கள் இன்னும் முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஒவ்வொருத்தராய்த் தேடிப்போய்க் கேட்பேன், மச்சான். கிடைக்கிறதையெல்லாம் கொண்டுவந்து உன் மகளின் கையில் கொடுப்பேன். இந்தமுறை முன்வரிசையில் இருந்து, சத்தம் போடாமல் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் சுகந்தியின் அண்ணன்,
இனி உன் ஆரணியைத் தூக்கவேண்டிய மாமன்.